மணி அடிக்கும் வரை

நவம்பர் 4, செவ்வாய்

ஆலங்குளத்திலிருந்து இரண்டு பஸ், இரண்டிலும் நின்றபடி வந்தேன். ஆபீஸில் பையை இறக்கி வைப்பதற்குள் திரவியம் சார் கூப்பிட்டுவிட்டார். எங்கள் வட்டார வள மையத்துக்கு மேற்பார்வையாளர் அவர்தான்.

"வடிவு மேடம், பனையடிப்பட்டி நடுநிலைப் பள்ளியில ஞானபுஷ்பம்னு ஒரு தமிழ் டீச்சர். நூத்துக்கு முப்பத்தொண்ணு. வட்டாரத்துலயே கடைசி."

"பாவம்" என்றேன்.

"போட்டதே நீங்கதான்."

போட்டிருப்பேன். பள்ளிக்குப் பள்ளி போய், தமிழ் வகுப்பில் பின்னால் உட்கார்ந்து, ஆசிரியர் நடத்துவதைப் பார்த்து, போனில் இருக்கும் படிவத்தை நிரப்பி அனுப்புவதுதான் ஆசிரியர் பயிற்றுநரான என் பிழைப்பு. ஒன்பது வருடமாக இதே வேலை. யாருக்கு எவ்வளவு போட்டேன் என்று மனப்பாடம் செய்துகொண்டா அலைய முடியும்?

இப்போது புதிதாக ஒன்று கண்டுபிடித்திருக்கிறார்கள். ஐம்பதுக்குக் கீழே வாங்கிய மொழி ஆசிரியர்களுக்கு மூன்று வாரம் 'வகுப்பறை ஆதரவு'. மதிப்பெண் போட்டவரே வாரம் ஒரு நாள் போய் உடனிருந்து உதவ வேண்டும். முடிவில் இன்னொரு மதிப்பெண். இரண்டுக்கும் சராசரி எடுத்து, அதுவும் ஐம்பதைத் தொடாவிட்டால் மாவட்டத் தலைநகரில் பதினைந்து நாள் தங்கிப் பயிற்சி எடுக்க வேண்டும். பெயர்ப் பட்டியல் எல்லாப் பள்ளிக்கும் போகும். திரும்பி வந்தாலும் எட்டாம் வகுப்பு கையில் இருக்காது, வேறு யாருக்காவது கொடுத்துவிடுவார்கள்.

"வாரா வாரம் வியாழக்கிழமை போயிருங்க" என்றார் சார். ஏற்கெனவே தலைக்கு மேல் வேலை.

ஒரு நல்ல செய்தியும் உண்டு. டிசம்பர் 5 கலந்தாய்வு. பயிற்றுநர்களைப் பள்ளிகளுக்கு ஆசிரியராகத் திருப்பி அனுப்புகிறார்கள். பட்டியலில் நான் மூன்றாவது. ஆலங்குளத்திலேயே ஒரு தமிழாசிரியர் இடம் காலி, வீட்டிலிருந்து நடந்தால் பத்து நிமிடம். பெயரில் விசாரணை எதுவும் நிலுவையில் இருக்கக் கூடாது என்பதுதான் நிபந்தனை. எனக்கென்ன விசாரணை?

நவம்பர் 5, புதன்

மழை. துணி காயவில்லை. முட்டைக்கோஸ் பொரியல் செய்தேன், இவர் தொடவே இல்லை.

நவம்பர் 6, வியாழன்

பனையடிப்பட்டிக்கு முதல் நாள்.

ஞானபுஷ்பம் டீச்சருக்கு ஐம்பத்திரண்டு, ஐம்பத்து மூன்று வயதிருக்கும். ஒல்லி, கஞ்சி போட்ட காட்டன் சேலை, சிரிக்காத முகம். சண்டைக்கு வருவார் என்று தயாராகத்தான் போனேன். "வாங்க மேடம், வெயில்ல வந்திருக்கீங்க, தண்ணி குடிங்க" என்று சொல்லி வகுப்புக்கு அழைத்துப் போனார். எனக்குத்தான் என்னவோ போல் ஆகிவிட்டது.

பஸ்ஸில் வரும்போதே என் செப்டம்பர் அறிக்கையைப் போனில் படித்துவிட்டேன். 'கரும்பலகை எழுத்து தெளிவாக இல்லை. மாணவர்கள் பாடத்தில் கவனம் செலுத்தவில்லை. குழுச் செயல்பாடு இல்லை.' அதனால் முதலில் கரும்பலகையைப் பார்த்தேன். எழுத்து முத்து முத்தாக இருந்தது.

"போர்டு வேலை நல்லா முன்னேறியிருக்கு டீச்சர்" என்றேன். அவர் சாக்பீஸை எடுத்துக்கொண்டு போர்டுப் பக்கம் திரும்பினார்.

தலைமை ஆசிரியர் முத்துக்கருப்பன் சார்தான் பேச்சுவாக்கில் சொன்னார். "இந்தக் கட்டிடத்துக்கு ஆகஸ்ட்ல இருந்து ஓடு மாத்தினாங்கல்லா மேடம். அக்டோபர் கடைசியிலதான் சாவி தந்தாங்க. அதுவரைக்கும் எட்டாம் வகுப்பு சாப்பாட்டுக் கூடத்துலதான். போர்டும் கிடையாது ஒண்ணும் கிடையாது. புஷ்பம் டீச்சர் வாயாலயே ஓட்டிட்டாங்க."

சாப்பாட்டுக் கூடத்தில் எங்காவது ஒரு போர்டு சாத்தி வைத்திருப்பார்கள். தலைமை ஆசிரியருக்கு எல்லாமா ஞாபகம் இருக்கும்?

செப்டம்பரில் நான் போனேன், அது நிச்சயம். படிவத்தைத் திறந்து நாற்பது நிமிடம் ஆகாமல் அனுப்பவே முடியாது. எந்த இடத்தில் நின்று திறந்தோம் என்பதும் பதிவாகும். செயலியே சாட்சி.

நவம்பர் 8, சனி

நினைத்துப் பார்த்தேன். அன்றைக்குக் கூடத்துக்குள் நான் நுழைந்தபோது பிள்ளைகள் எல்லாரும் ஒரே நேரத்தில் கத்திக்கொண்டிருந்தார்கள். சந்தைக்கடை. பாடம் நடக்கிற மாதிரியே இல்லை. எனக்கு ஒற்றைத் தலைவலி வேறு. ஏழெட்டு நிமிடம் இருந்திருப்பேன். அப்புறம் தலைமை ஆசிரியர் அறையில் ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்து மீதியை நிரப்பினேன். தலைவலி இருந்தால் மனுஷி என்ன செய்வாள்?

நவம்பர் 13, வியாழன்

இரண்டாவது நாள். இன்றைக்கு அரை மணி நேரம் வகுப்பில் இருந்தேன், மூன்றேகால் பஸ்ஸுக்காக எழுந்து வர வேண்டியதாயிற்று.

அந்தச் சந்தைக்கடைச் சத்தம் என்னவென்று இன்றைக்குத்தான் தெரிந்தது. தினமும் ஒவ்வொரு பிள்ளையும் முந்தின நாள் வீட்டிலோ வெளியிலோ காதில் விழுந்த ஒரு வரியைக் கொண்டுவர வேண்டும். கேட்டபடியே சொல்ல வேண்டும். பிறகு அதை எழுத்துத் தமிழில் மாற்றி எழுத வேண்டும். மாற்றியதில் ஏதாவது தொலைந்துபோனதா என்று எல்லாரும் சேர்ந்து வாதாட வேண்டும். வாதாட்டம்தான் சத்தம்.

இசக்கிராஜா என்ற பையன் அவன் அப்பா சொன்னதைச் சொன்னான். "மழ இப்படியே பெஞ்சிட்டுன்னா பொழப்பு போச்சு." 'மழை இப்படியே பெய்தால் பிழைப்புப் போய்விடும்' என்று எழுதினார்கள். முன்வரிசையில் ஒரு பெண் எழுந்து, "டீச்சர், போச்சுன்னு சொல்லும்போது இப்பமே போயிட்ட மாதிரி பயமா இருக்கு. போய்விடும்னு எழுதினா இன்னும் நாள் இருக்குங்கற மாதிரி இருக்கு" என்றாள். பதிமூன்று வயது. நான் தமிழில் முதுகலை படித்தவள், எனக்கு அது தோன்றவில்லை.

முப்பத்தொன்று போட்ட கை என் கை. சுருக்கென்றது.

கிளம்பும்போது வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். "மதிப்பெண் குறைஞ்சதுக்கு உங்ககிட்ட விளக்கம் கேட்டாங்களே, என்ன எழுதிக் குடுத்தீங்க டீச்சர்?" என்றேன்.

"குறைகளைத் திருத்திக்கிடுதேன்னு எழுதினேன்."

"அப்ப போர்டே இல்லையேன்னு எழுதியிருக்கலாமே."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று உறைத்தது. அவர் என்னை நேராகப் பார்த்தார்.

"எழுதினா யாரு நம்புவா மேடம்? நாப்பது நிமிஷம் உக்காந்திருந்தீங்கன்னு மெஷினு சொல்லுது. நான் இல்லன்னு சொன்னா, பொய் சொல்லுத பொம்பளைன்னு அதையும் சேத்து எழுதுவாங்க."

பஸ் வந்தது. ஏறிவிட்டேன்.

நவம்பர் 17, திங்கள்

திரவியம் சாரிடம் சுற்றி வளைத்துச் சொன்னேன், செப்டம்பரில் அந்த வகுப்பைச் சரியாகப் பார்க்க முடியவில்லை என்று. அவர் அசரவில்லை.

"இதுக்கா மூஞ்சியத் தூக்கி வச்சிருக்கீங்க? கடைசி மதிப்பெண் எம்பத்தஞ்சு போட்டு விடுங்க. முப்பத்தொண்ணும் எம்பத்தஞ்சும் நூத்திப் பதினாறு, பாதி அம்பத்தெட்டு. தாண்டிட்டாங்க. ஆதரவு குடுத்ததால முன்னேற்றம்னு நமக்கும் நல்ல பேரு."

சாயங்காலம் அரைக் கிலோ அல்வா வாங்கிப் போனேன். இவர், "என்ன விசேஷம்?" என்றார். ஒன்றுமில்லை என்றேன்.

நவம்பர் 20, வியாழன்

நீளமாக எழுத வேண்டிய நாள்.

வகுப்புக்குள் போகும் முன்பே வராண்டாவில் நிறுத்திச் சொன்னேன். "கவலைப்படாதீங்க டீச்சர். இன்னைக்கு எம்பத்தஞ்சு போட்டுருதேன். உங்க பேரு பட்டியல்ல வராது."

சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். நன்றிகூட எதிர்பார்த்தேன், சொன்னால் என்ன.

"கிளாஸ இன்னும் பாக்கவே இல்லையே மேடம், அதுக்குள்ள எப்படி எம்பத்தஞ்சு?"

"உங்க நல்லதுக்குத்தான்."

"அன்னைக்குப் பாக்காம முப்பத்தொண்ணு. இன்னைக்குப் பாக்காம எம்பத்தஞ்சு. ரெண்டும் ஒண்ணுதான் எனக்கு." குரல் ஏறவே இல்லை. "இருபத்தாறு வருஷ சர்வீஸ். எத்தனையோ ஆபீசருங்க வந்தாச்சு. மணி அடிக்கிற வரைக்கும் ஒருத்தர் உக்காந்ததில்ல. நான் எப்படிப் பாடம் நடத்துதேன்னு எனக்கே தெரியாது மேடம். யாராவது பின்னால உக்காந்து பாத்துச் சொன்னாத்தான தெரியும். இன்னைக்கு உக்காருங்க. கண்டதை எழுதுங்க. இருபது போட்டாலும் வாங்கிக்கிடுதேன்."

உட்கார்ந்தேன். போனைப் பையில் போட்டு ஜிப்பை மூடினேன்.

முதல் இருபது நிமிடம் நான் போன வியாழக்கிழமை பார்த்த அதே அழகு. ஒரு பையன் கண்டக்டர் பேசியதைக் கொண்டுவந்திருந்தான், வகுப்பே சிரித்தது. மாற்றி எழுதினார்கள், சண்டை போட்டார்கள்.

அதற்குப் பிறகுதான் இன்னொன்று கண்ணில் பட்டது. ஜன்னல் பக்கம், டீச்சருக்கு இடது கை ஓரம், இரண்டு பெஞ்சு. எட்டுப் பிள்ளைகள். அவர்களில் ஒருவரையும் டீச்சர் கேட்கவில்லை. வேண்டுமென்று இல்லை. அவர் உடம்பே வலது பக்கம் திரும்பி நிற்கிறது. முத்துச்செல்வி என்று ஒரு பெண், இரட்டைச் சடை, கையைத் தூக்கினாள். இறக்கினாள். மறுபடி தூக்கினாள். ஏழு முறை எண்ணினேன். அப்புறம் கையை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலுக்கு வெளியே பார்க்க ஆரம்பித்துவிட்டாள். மற்ற ஏழு பேரும் தூக்கவே இல்லை. அவர்கள் எப்போதோ விட்டுவிட்டிருக்கிறார்கள்.

எழுந்து போய் அவள் நோட்டைப் பார்த்தேன். 'எங்கம்மா சொன்னது: இவளுக்கு வாய் ஓயவே ஓயாது.'

மணி அடித்தது. பிள்ளைகள் வெளியே போன பிறகு டீச்சரும் நானும் எதிரும் புதிருமாகப் பெஞ்சில் உட்கார்ந்தோம். நல்லதையெல்லாம் முதலில் சொன்னேன். பிறகு இதையும் சொன்னேன்.

"முத்துச்செல்வி கையத் தூக்குதாளா?"

"ஏழு தடவை."

"அமைதியான பிள்ளைன்னு அவ பதிவேட்டுல எழுதி வச்சிருக்கேன்." சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "எனக்கு அந்தப் பக்கக் காது கொஞ்சம் மந்தம் மேடம். ரெண்டு வருஷமா. அது தெரியும். கண்ணும் சேந்து அந்தப் பக்கம் போகாம நின்னுட்டுங்கறது தெரியல."

"சின்ன விஷயம் டீச்சர். நீங்க நிக்கிற இடத்தை மாத்தினா போதும்."

"சின்ன விஷயந்தான். செப்டம்பர்லயே சொல்லியிருந்தீங்கன்னா செப்டம்பர்லயே மாத்தியிருப்பேன்."

அதில் கோபமே இல்லை. கோபப்பட்டிருந்தால் பதிலுக்கு நானும் கொஞ்சம் கோபப்பட்டு வந்திருப்பேன். அழுகை வந்தது. அடக்கிக்கொண்டு படிவத்தை நிரப்பினேன். கண்டதைக் கண்டபடி போட்டதில் அறுபத்தாறு வந்தது. அவரிடம் காட்டினேன். தலையை ஆட்டினார்.

வாசல் வரை வந்து வழியனுப்பினார். "பாக்காம மதிப்பெண் போட்டது எனக்கு மட்டும்தானா மேடம், இல்ல எல்லாருக்குமா?" என்றார்.

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று சொன்னேன். உண்மையில் இன்னும் இருபது நிமிடம் இருந்தது.

நவம்பர் 21, வெள்ளி

முப்பத்தொன்றும் அறுபத்தாறும் தொண்ணூற்று ஏழு. பாதி நாற்பத்தெட்டரை. ஐம்பதைத் தொடவில்லை. செப்டம்பர் அறிக்கையை ரத்து செய்தால்தான் டீச்சர் தப்புவார். அது பொய் என்று நானே எழுதிக் கொடுத்தால்தான் ரத்து செய்ய முடியும். 28ஆம் தேதி பட்டியல் போகிறது.

நவம்பர் 23, ஞாயிறு

மாவு அரைத்தேன். பரணில் இருந்த பழைய பாத்திரங்களை இறக்கித் துலக்கினேன், தேவையே இல்லாத வேலை.

இவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுவிட்டு, "டிசம்பர் அஞ்சு தாண்டட்டும். ஆர்டர் கைக்கு வந்தப்புறம் என்ன வேணாலும் எழுதிக் குடு. பன்னண்டு நாள்தான்" என்றார். அவர் சொல்வதும் நியாயம்தான். ஒன்பது வருடமாக நான் கிளம்பிய பிறகு தன் சாப்பாட்டைத் தானே சூடு பண்ணிச் சாப்பிடுகிற மனுஷன்.

"அந்த டீச்சருக்குப் பன்னண்டு நாள் கிடையாதே" என்றேன். அவர் பேப்பரை எடுத்துக்கொண்டார்.

டீச்சர் கேட்டது காதிலேயே நிற்கிறது. மத்தியானம் போனை எடுத்து இந்த ஆண்டு நான் அனுப்பிய அறிக்கைகளைப் பார்த்தேன். ஐம்பத்தெட்டு. மணி அடிக்கும் வரை உட்கார்ந்தவை எத்தனை என்று ஒவ்வொன்றாக யோசித்தேன். தாராளமாகக் கணக்குப் போட்டும் ஒன்பதுக்கு மேல் வரவில்லை. சில பள்ளிகளில் தலைமை ஆசிரியர் அறையைத் தாண்டியதே இல்லை.

நவம்பர் 25, செவ்வாய்

கடிதம் எழுதி எடுத்துப் போனேன். பனையடிப்பட்டியில் செப்டம்பர் 11 அன்று நான் வகுப்பை முழுதாகப் பார்வையிடவில்லை, அறிக்கையில் உள்ளவை நான் கண்டவை அல்ல, ரத்து செய்யவும். ஆறு வரி.

திரவியம் சார் இரண்டு முறை படித்தார். எழுந்து கதவைச் சாத்தினார்.

"மேடம், இதை மேல அனுப்பினா உங்களுக்கு மெமோ, மெமோ வந்தா கலந்தாய்வு கிடையாது. தெரியும்லா? ஒரு பள்ளிதானே. வேற பள்ளி விவரம் தவறுதலாப் பதிவாயிட்டுன்னு நான் ஒரு குறிப்பு போட்டு ரத்து பண்ணிருதேன். உங்களுக்கும் பாதகமில்ல, அந்த டீச்சருக்கும் பாதகமில்ல. கடிதத்தைக் கிழிச்சுப் போடுங்க."

எனக்காகத்தான் சொல்கிறார். நல்ல மனுஷன். கிழித்துப் போட்டேன்.

நவம்பர் 26, புதன்

ரத்தாகிவிட்டது. ஞானபுஷ்பம் டீச்சருக்குப் போன் போட்டுச் சொன்னேன். "ரொம்ப நன்றி மேடம்" என்றார். வகுப்பில் இப்போது நடுவில் நிற்பதில்லையாம், ஜன்னல் ஓரத்தில் நின்று நடத்துகிறாராம். "முத்துச்செல்வி பேசினா வாயடைக்க முடியல. மத்தவங்களுக்கு நேரம் இல்ல இப்ப" என்று சிரித்தார். அவர் சிரித்து முதல் தடவையாகக் கேட்கிறேன்.

அந்தக் கேள்வியை அவர் மறுபடி கேட்கவில்லை.

நவம்பர் 27, வியாழன்

நாளைக்குப் போக வேண்டிய பட்டியலைத் தட்டச்சு செய்து என் மேஜையில் வைத்துவிட்டுப் போனார்கள், சரிபார்க்கச் சொல்லி. ஏழு பெயர். ஞானபுஷ்பம் இல்லை.

ஏழில் நான்கு பெயருக்கு எதிரே பார்வையாளர்: சண்முகவடிவு. இந்த நான்கு பேருக்கும் 'ஆதரவு' கொடுத்தது பக்கத்து மேஜைக்காரர்கள், எனக்கு நேரமில்லை என்று மாற்றிவிட்டிருந்தார்கள். முதல் மதிப்பெண் நான் போட்டதுதான். நான்கும் அந்த ஒன்பதில் இல்லை.

ஐயப்பராஜ். மெர்சி ஜெபராணி. கோமதிநாயகம். செய்யதலி பாத்திமா. நான்கு பேரில் ஒருவர் முகம்கூட எனக்கு ஞாபகத்துக்கு வரவில்லை.

நவம்பர் 28, வெள்ளி

புதிதாக எழுதினேன். இந்த முறை ஆறு வரியில் அடங்கவில்லை. ரத்தாகிப்போனதையும் சேர்த்து நாற்பத்தொன்பது பள்ளி, நாற்பத்தொன்பது தேதி, எல்லாவற்றையும் இரண்டு தாளில் வரிசையாக. மேலே அந்த நான்கு பெயர், இன்றைய பட்டியலிலிருந்து நீக்க வேண்டி. கையெழுத்து என்னுடையது மாதிரியே இல்லை.

திரவியம் சார் தாளை மேஜையில் வைத்து உள்ளங்கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"ஒண்ணுன்னா மூடலாம். இதை நான் எதைப் போட்டு மூட?"

"மூட வேண்டாம் சார்."

"நான் மட்டும் என்ன யோக்கியம்னு நினைக்கீங்களா மேடம்? எல்லாரும் இப்படித்தான ஓட்டிட்டு இருக்கோம்."

"தெரியும் சார். நான் என்னுதை மட்டும்தான் எழுதியிருக்கேன்."

நான்கு மணிக்கு முத்திரை குத்தி உள்வரவுப் பதிவேட்டில் ஏற்றினார்கள். அதற்கப்புறம் பயமாக இருந்தது. ரொம்பப் பயமாக இருந்தது. வீட்டுக்கு வந்து சொன்னேன். இவர் எழுந்து போய்த் தோசை வார்த்துக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார்.

டிசம்பர் 2, செவ்வாய்

மெமோ வந்தது. கலந்தாய்வுப் பட்டியலில் மூன்றாவது இடத்தில் வேறு பெயர். நான்கு பேருடைய பயிற்சி ஆணையும் நிறுத்திவைப்பு. நான்கு பேரையும் புதிதாகப் பார்வையிட வேண்டுமாம், வேறொரு பயிற்றுநர் உடனிருக்க, நானே.

டிசம்பர் 3, புதன்

திருக்கார்த்திகை. பொரி உருண்டை பிடித்தேன், பாகு முறுகிவிட்டது.

டிசம்பர் 5, வெள்ளி

ஆலங்குளத்து இடத்தை இன்றைக்கு யார் எடுத்தார்கள் என்று நான் யாரிடமும் கேட்கவில்லை.

ஐயப்பராஜின் பள்ளிக்குப் போனேன், பக்கத்து மேஜை ராமலட்சுமி துணைக்கு. ஐயப்பராஜுக்கு இருபத்தெட்டு வயதுகூட இருக்காது. வேலைக்கு வந்து மூன்றாவது வருடம். முப்பத்தெட்டு மதிப்பெண் வந்த நாளிலிருந்து பையன் சரியாகச் சாப்பிடுவதில்லை, பழைய பேங்க் வேலைக்கே போய்விடவா என்று கேட்டுக்கொண்டிருக்கிறான் என்று தலைமை ஆசிரியை அம்மா வாசலிலேயே சொல்லிவிட்டார்.

ஏழாம் வகுப்பு. பின்னால் உட்கார்ந்தேன். முதல் பத்து நிமிடம் அவருக்குக் குரலே எழும்பவில்லை, என் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஒரு பிள்ளை ஏதோ கேட்க, பதில் சொல்லத் தொடங்கியவர் என்னை மறந்துவிட்டார். அவசரக்காரர். கேள்வி கேட்டுவிட்டுப் பிள்ளைகள் யோசிப்பதற்குள் தானே விடையும் சொல்லிவிடுகிறார். ஆனால் ஒரு செய்யுளை அவர் வாசித்துக் காட்டியபோது கடைசி பெஞ்சுவரை பேச்சில்லை. இரண்டையும் குறித்துக்கொண்டேன்.

மணி அடித்தது. அவர் பயந்துகொண்டே என் அருகில் வந்து நின்றார். நான் நகர்ந்து பெஞ்சில் இடம் விட்டேன், உட்கார்ந்தார். சட்டை முதுகெல்லாம் வேர்த்து நனைந்திருந்தது.

"ஒண்ணு கேக்கட்டுமா மேடம்? தப்பா எடுத்துக்காதீங்க. முந்தின மதிப்பெண் வந்ததுல இருந்து யோசிச்சுக்கிட்டே இருக்கேன், உங்க முகம் எனக்கு ஞாபகமே இல்ல. நீங்க இதுக்கு முன்னாடி என் கிளாஸுக்கு வந்திருக்கீங்களா?"

"இல்ல சார்" என்றேன். "வந்ததா எழுதியிருக்கேன்."